அமெரிக்கரின் மனத்தை எண்களில் வாசிக்க: பியூ ஆராய்ச்சி நிலையத்தின் இணையத்தளம் குறித்து ஒரு மதிப்பீடு

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்கள் மீது ஐக்கிய அமெரிக்கா 44 சதவீத வரியை அறிவித்தது. அது ஜூலையில் 30 ஆகவும், ஓகஸ்ட் மாதத்தில் 20 ஆகவும் குறைக்கப்பட்டது. அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தின் தேநீர்க் கடைகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: இதையெல்லாம் அந்த நாட்டு மக்கள் உண்மையிலேயே விரும்புகிறார்களா? பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. நியூ ஜேர்சியில் இருக்கும் மாமா தொலைபேசியில் ஒன்றைச் சொல்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் மச்சாள் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். இருவருமே தாம் வாழும் தெருவைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆயினும் 33 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு ஒன்றின் மனநிலையை இரண்டு தெருக்களை வைத்து அறிய இயலாது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய சேவைகளுள் ஒன்றான பியூ ஆராய்ச்சி நிலையத்தின் இணையத்தளத்தையே இங்கே மதிப்பிடுகிறேன். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுவோர், பிராந்திய நாளேடுகளில் வெளிநாட்டுச் செய்தியைக் கவனிக்கும் செய்தியாளர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பொதுசன அபிப்பிராயம், குடிசனப் பரம்பல், அரசியல் பங்கேற்பு ஆகியவை பற்றித் தமிழில் எழுத விரும்பும் ஒருவர் காசு கொடுக்காமல் பெறக்கூடிய மிகச் சிறந்த மூலம் இதுவே. ஆனால் அதன் பெறுமதி முகப்பிலுள்ள தலைப்புகளில் இல்லை. யாரிடம் கேட்டார்கள், எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பதை விளக்கும் பின்பக்கங்களில்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் திறக்காதவருக்கு மாமாவின் தொலைபேசி அழைப்பே போதுமானது.

நிறுவனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990இல் ரைம்ஸ் மிரர் என்ற பத்திரிகை நிறுவனம் தொடங்கிய கருத்துக்கணிப்பு நிலையத்தை, 1996இல் பியூ அறக்கட்டளை பொறுப்பேற்றது. 2004இல் அது பல ஆய்வுப் பிரிவுகளை ஒன்றாக்கி, வொஷிங்டனில் இன்றைய வடிவில் நிறுவப்பட்டது. அறக்கட்டளையின் மூலப் பணம் சன் ஒயில் என்ற எண்ணெய்க் கம்பனியை உருவாக்கிய பியூ குடும்பத்தினுடையது. நிலையம் எந்தக் கொள்கைக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பரிந்துரை செய்வதில்லை. எண்ணெய்ப் பணம் என்றவுடன் நம்மவர் சிலர் புருவத்தை உயர்த்துவர். உயர்த்தட்டும், ஆனால் கேள்விக்கொத்தும் மூலத்தரவும் வெளியில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு நிறுவனத்தைச் சந்தேகிப்பவர், சந்தேகத்தைச் சரிபார்க்கும் வசதியும் தமக்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை நன்றாகக் கிளறப்பட்டிருந்தால் மட்டுமே அந்தப் பதம் செல்லும். 1936இல் லிற்றரறி டைஜஸ்ட் என்ற அமெரிக்க வார இதழ் ஒரு கோடி அஞ்சலட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சியின் அல்ஃப்ரட் லான்டன் வெல்வார் என அறிவித்தது. அன்றைய 48 மாநிலங்களில் 46ஐ வென்றவர் ரூஸ்வெல்ற். தொலைபேசிப் புத்தகங்களிலும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலும் இருந்து பெருமளவு பெயர்களை எடுத்ததால், பொருளாதார மந்தக் காலத்தில் ஓரளவு வசதியாக இருந்தவர்களிடமே அட்டைகள் போய்ச் சேர்ந்தன. அவர்களிலும் பதில் எழுதும் ஆர்வம் உள்ளவர்களே எழுதினார்கள். மாதிரியின் பருமன் அதன் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் பாடப்புத்தகங்களில் இல்லை.

பியூவின் இன்றைய முறை இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொள்கிறது. 1997இல் அதன் தொலைபேசிக் கணிப்புகளுக்கு அழைக்கப்பட்ட நூறு பேரில் 36 பேர் பதிலளித்தனர். 2012இல் 9 பேர். 2018இல் 6 பேர் மட்டுமே. தெரியாத இலக்கத்தில் இருந்து வரும் அழைப்பை எடுக்காத பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. எனவே 2014இல் நிலையான குழு ஒன்றை அமைத்து, அதே ஆட்களிடம் இணையம் வழியாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் முறைக்கு நிலையம் மாறியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட இக்குழுவுக்கு 2018 முதல் அஞ்சல் முகவரிப் பட்டியலில் இருந்து எழுமாற்றாக ஆட்கள் தெரிவு செய்யப்படுகிறார்கள். இணைய வசதி இல்லாதவர்களைத் தவிர்த்துவிடாமல், அவர்களுக்குக் கைக்கணினியும் இணைப்பும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒருவர் தானாக வந்து குழுவில் சேர முடியாது. நிலையம்தான் அவரைத் தேடிப் போகிறது.

இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தளத்திலுள்ள ஓர் ஆய்வு சிரிப்பூட்டும் வகையில் காட்டுகிறது. விரும்பியவர் எவரும் சேர்ந்து, சிறு சன்மானத்துக்காகப் பதில் சொல்லும் இணையக் கணிப்பு ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்குவதற்கு உங்களிடம் அனுமதிப்பத்திரம் உண்டா என்று 2022இல் கேட்டார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டோரில் 12 சதவீதத்தினர் ஆம் என்றனர். உண்மையான வீதம் பூச்சியத்தை ஒட்டியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாசிக்காமலே ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டு போகிறவர்கள் இளையோரின் பெயரில் புகுந்துவிடுகிறார்கள் என்பதே இதன் பொருள். யூத இனப்படுகொலை ஒரு கட்டுக்கதை என்று அமெரிக்க இளையோரில் ஐந்தில் ஒருவர் நம்புவதாக 2023இன் இறுதியில் உலகெங்கும் பரவிய செய்தியும் இப்படியான ஒரு கணிப்பில் இருந்தே வந்தது. அதே கேள்வியைத் தன் எழுமாற்றுக் குழுவிடம் பியூ கேட்டபோது 3 சதவீதத்தினரே அவ்வாறு கூறினர். இங்குள்ள இணையச் செய்தித் தளங்கள் அமெரிக்க இளைஞரைப் பற்றித் திடுக்கிடும் எண் ஒன்றைத் தலைப்பாக்கும்போது, அந்த எண் எந்த வகைக் கணிப்பில் இருந்து வந்தது என்று வாசகர் கேட்பதற்கு இந்த ஓர் ஆய்வே போதிய காரணம்.

அடுத்து, கேள்வியின் சொற்கள். ஒவ்வோர் அறிக்கையோடும் கேட்கப்பட்ட வினாக்கள் சொல்லுக்குச் சொல் இணைக்கப்பட்டிருக்கின்றன. 2003 ஜனவரியில், சதாம் ஹூசைனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஈராக்கில் இராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது 68 சதவீதத்தினர் ஆம் என்றனர். அமெரிக்கப் படையில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்படலாம் என்றாலும் ஆதரிப்பீர்களா என்று சேர்த்துக் கேட்டபோது அது 43 ஆகச் சரிந்தது. அமெரிக்கர் போரை விரும்பினார்களா என்பதற்கு இரண்டு பதில்களும் உண்மையே. எந்தப் பதிலைத் தலைப்பாக்குவது என்பதில்தான் அரசியல் நுழைகிறது. போரின் விலை என்னவென்று கேள்வியிலேயே சொல்லப்படும்போது விடை மாறும் என்பதை வடக்கில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சோதனை 2008 தேர்தலை அடுத்து நடந்தது. உங்கள் வாக்கைத் தீர்மானித்த முக்கிய விடயம் எது என்று கேட்டு, விடைகளையும் பட்டியலாகக் கொடுத்தபோது 58 சதவீதத்தினர் பொருளாதாரத்தைத் தெரிவு செய்தனர். பட்டியல் இல்லாமல் அவர்களாகவே சொல்ல விட்டபோது 35 சதவீதத்தினரே பொருளாதாரம் என்றனர். தன் முறைகளின் பலவீனத்தை இவ்வளவு வெளிப்படையாக, உதாரணங்களோடு கற்பிக்கும் வேறொரு நிறுவனத்தை நான் அறியேன். வினாக்கொத்துத் தயாரிக்கும் எந்த இளநிலைப் பட்டதாரி மாணவரும் தம் ஆய்வைத் தொடங்குமுன் இந்தப் பகுதியை வாசித்துவிட வேண்டும்; வீடு வீடாகச் சென்று கேட்டுவிட்டு வந்த பின்னர் வாசித்துப் பயனில்லை.

நீண்டகாலப் போக்குகளைப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு பக்கத்தைக் குறிப்பாகச் சொல்வேன். மத்திய அரசாங்கம் எப்போதும் அல்லது பெரும்பாலும் சரியானதையே செய்யும் என நம்புகிறீர்களா என்ற கேள்விக்கு, 1958இல் அமெரிக்கரில் நான்கில் மூவர் ஆம் என்றனர். 1964இல் 77 சதவீதத்தினர். வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் அதைக் கீழே தள்ளின. 2001 செப்ரெம்பர் தாக்குதலின் பின் சிறிது காலம் மீண்டும் உயர்ந்தது. 2023இல் 16 ஆகவும் 2024இல் 22 ஆகவும் இருந்தது. பல நிறுவனங்களின் கணிப்புகளை ஒரே கோட்டில் இணைத்து வரைந்திருக்கும் இந்த வரைபடம் ஒரு பாடவேளைக்குப் போதிய விவாதத்தைக் கிளப்பும்.

இனி, இத்தளத்தின் உச்சம் என நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். வாக்களித்தீர்களா என்று தேர்தலின் பின் கேட்டால், வாக்களிக்காத பலரும் ஆம் என்றே சொல்வர். இது எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்காவில் இதைச் சரிபார்க்க வழி உண்டு. யார் வாக்களித்தார் என்பது அங்கே அரச பதிவேட்டில் இருக்கிறது. யாருக்கு என்பது மட்டுமே இரகசியம். தன் குழுவினரின் பெயர்களை அந்தப் பதிவேடுகளோடு பொருத்தி, உண்மையில் வாக்களித்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பெரிய தேர்தலின் பின்னரும் பியூ விரிவான அறிக்கை வெளியிடுகிறது. இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் கேட்டு, தேர்தல் இரவில் தொலைக்காட்சிகள் சொல்லும் வாயிற்கணிப்பைவிட இது தாமதமானது, அதனாலேயே நம்பகமானது.

2024 தேர்தல் பற்றிய அறிக்கை 2025 ஜூனில் வெளிவந்தது. ஹிஸ்பானிய வாக்காளரில் 51 சதவீதத்தினர் கமலா ஹாரிஸுக்கும் 48 சதவீதத்தினர் ட்ரம்புக்கும் வாக்களித்திருந்தனர். 2020இல் இது பைடனுக்கு 61, ட்ரம்புக்கு 36 என்று இருந்தது. கறுப்பின வாக்காளரில் ட்ரம்பின் பங்கு 8இல் இருந்து 15 ஆகியது. ஆசிய வாக்காளரிடையே 70க்கு 30 என்றிருந்த இடைவெளி 57க்கு 40 எனச் சுருங்கியது. பிறநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களில் 51 சதவீதத்தினர் ஹாரிஸுக்கும் 47 சதவீதத்தினர் ட்ரம்புக்கும் வாக்களித்தனர். ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகக் கிராமமான துளசேந்திரபுரத்தில் அவருக்காக வழிபாடு நடத்திய செய்தியை வைத்து, குடியேறியோர் அனைவரும் ஹாரிஸின் பின்னால் நின்றதாக எண்ணியிருந்த நம்மவருக்கு இந்த எண்கள் கசக்கும். அதைவிட அதிகமாக என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மற்றோர் எண். வாக்களிக்காதவர்கள் எல்லோரும் வாக்களித்திருந்தால் ஹாரிஸ் வென்றிருப்பார் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் வாக்களிக்காதோரில் 44 சதவீதத்தினர் ட்ரம்பையும் 40 சதவீதத்தினர் ஹாரிஸையும் விரும்பியதாக அறிக்கை கூறுகிறது.

வாக்களிப்பு வீதத்தை ஒப்பிடுவதில் நமது நாளேடுகள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 செப்ரெம்பரில் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு வீதம் 79.46. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 64 சதவீதம் என்று பியூ சொல்கிறது. உடனே, ஜனநாயகம் பற்றி நமக்குப் பாடம் எடுக்கும் நாட்டைவிட நாமே கூடுதலாக வாக்களிக்கிறோம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு எண்களுக்கும் கீழே இருக்கும் பகுதி எண்கள் வேறு. இலங்கையின் வீதம், வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கிராம அலுவலர் ஊடாக நடக்கும் வருடாந்தக் கணக்கெடுப்பினால் நம்மில் பெரும்பாலோர் பெரிய முயற்சி இன்றியே இடாப்பில் இடம்பெறுகிறோம். அமெரிக்காவிலோ நாடு முழுவதற்குமான இடாப்பு ஒன்று இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் பதிவு செய்வது தனிநபரின் பொறுப்பு. வட டகோட்டாவில் பதிவு என்ற நடைமுறையே கிடையாது. எனவே அமெரிக்க வீதத்துக்குத் தகுதியுள்ள குடிமக்கள் அனைவரையும் பகுதி எண்ணாகக் கொள்கிறார்கள். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் 2024 கணிப்பின்படி வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் 73.6 சதவீதத்தினர் பதிவு செய்திருந்தனர், 65.3 சதவீதத்தினர் வாக்களித்திருந்தனர். நம்முடைய முறையில், பதிவு செய்தோரை வைத்துக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 89 சதவீதம். மக்கள் தாமே சொன்ன பதில்கள் என்பதால் இதில் சிறிது மிகை இருக்கும். ஆயினும் ஒப்பீட்டின் திசையே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் தடை இருப்பது வாக்குச்சாவடியின் வாசலில் அல்ல, அதற்கு முந்திய பதிவுப் படியில்.

பகுதி எண் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குச் சொந்த அனுபவமே உண்டு. 2005 ஜனாதிபதித் தேர்தலில், புறக்கணிப்பின் காரணமாக, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவான வாக்குகள் 1.21 சதவீதம் மட்டுமே. அன்றைய இடாப்பில் ஏறத்தாழ 7 லட்சம் பெயர்கள் இருந்தன. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களிலும் குழந்தைகள் உட்பட எண்ணப்பட்டவர்களின் மொத்தத் தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். இடம்பெயர்ந்தோரும் கடல் கடந்தோரும் இறந்தோரும் இடாப்பிலே தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பின்னர் இடாப்பு திருத்தப்பட்டபோது மாவட்டத்தின் ஆசனங்களும் குறைந்தன. ஒரு காலத்தில் 9 ஆக இருந்தவை 2024 பாராளுமன்றத் தேர்தலில் 6. வாக்களிப்பு வீதம் என்ற எண் எப்போதும் ஒரு பின்னம். அதன் கீழ்ப்பாதியைப் பார்க்காமல் மேற்பாதியைப் பற்றிப் பேசக் கூடாது. பியூ தன் அறிக்கைகளில் கீழ்ப்பாதி யாரைக் குறிக்கிறது என்பதைத் தவறாமல் சொல்கிறது.

ஒரே தேர்தலை மட்டும் பாராமல், ஆட்களைத் தொடர்ந்து பார்ப்பதும் இந்தக் குழுமுறையின் பலன். 2018, 2020, 2022 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வாக்களித்தவர்கள் தகுதியுள்ளோரில் 37 சதவீதத்தினர். ஒன்றிலும் வாக்களிக்காதவர்கள் 30 சதவீதத்தினர். மீதி மூன்றிலொரு பங்கினர் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். ஒரு தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையே முடிவு மாறும்போது, மக்கள் மனம் மாறிவிட்டனர் என்று நாம் எழுதிவிடுகிறோம். பல வேளைகளில் மாறியது மனம் அல்ல, வந்த ஆட்களே.

குடிசனப் பரம்பல் பற்றிய பகுதி பெரிது. ஆனால் அதிலுள்ள பெரும்பாலான எண்கள் அரச குடிசன மதிப்பீட்டில் இருந்தே எடுக்கப்படுவதால், பியூவின் பங்களிப்பு விளக்கத்திலும் தொகுப்பிலுமே தங்கியிருக்கிறது. 2025 ஜனவரியில் வெளிநாட்டில் பிறந்தோர் தொகை 5 கோடியே 33 லட்சத்தை எட்டி, சனத்தொகையில் 15.8 சதவீதமாகி, 1890இல் இருந்த 14.8 என்ற பழைய உச்சத்தைக் கடந்தது. ஜூனில் சற்றே இறங்கியது. சமயம் பற்றிய அளவீடு மட்டும் முழுக்க முழுக்க நிலையத்தின் சொந்த உழைப்பு, ஏனெனில் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் சமயம் கேட்கப்படுவதில்லை. ஏறத்தாழ 37 ஆயிரம் பேரிடம் 2023, 2024இல் எடுத்த ஆய்வின்படி கிறிஸ்தவர் 62 சதவீதம், 2007இல் 78. எச்சமயத்தையும் சாராதோர் 16இல் இருந்து 29 ஆகியுள்ளனர். இந்துக்கள் ஒரு சதவீதம் அளவில்.

இவ்வளவு பாராட்டிய பின், நம்மவர் இந்தக் கண்ணாடியில் எங்கே தெரிகிறார்கள் என்று கேட்காமல் விட முடியாது. வழமையான குழுக் கணிப்புகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமே நடைபெறுகின்றன. ஆசியர் பற்றிய எண்கள் ஆங்கிலம் பேசும் ஆசியரை மட்டுமே பிரதிநிதித்துவம் செய்கின்றன என்று அறிக்கையின் அடியிலேயே குறிப்பு இருக்கும். மேலே சொன்ன 57க்கு 40 என்ற எண்ணையும் அந்தக் குறிப்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க 2022, 2023இல் 7,006 ஆசிய வயதுவந்தோரிடம் சிறப்பு ஆய்வொன்று நடத்தப்பட்டது. ஆங்கிலம், சீனம், ஹிந்தி, கொரியம், தகலொக், வியட்நாமியம் ஆகிய ஆறு மொழிகளில் கேட்டார்கள். தமிழ் இல்லை. தெற்காசியரிடம் ஹிந்தியில் கேட்டால் போதும் என்ற எண்ணம் வொஷிங்டனிலும் இருக்கிறது போலும்.

அந்த ஆய்வு வேறு வகையில் மிகுந்த பயன் தருவது. ஆசியர் என்ற ஒற்றைப் பையை அது பிரித்துக் காட்டுகிறது: பதிவுசெய்த இந்திய வம்சாவளி வாக்காளரில் 68 சதவீதத்தினர் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்திருக்க, வியட்நாமியரில் 51 சதவீதத்தினர் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றனர். ஆனால் இந்தப் பிரிப்பு ஆறு பெரிய சமூகங்களோடு நின்றுவிடுகிறது. இலங்கையர் தொகை சிறிது; தேசிய மாதிரி ஒன்றில் விழும் சிலரை வைத்துத் தனி எண் சொல்வது புள்ளிவிபர ஒழுக்கத்துக்கு முரண் என்பதை ஏற்கிறேன். இலங்கையருக்கெனத் தளத்தில் ஒரு தரவுப்பக்கம் உண்டு. அது வயது, கல்வி, வருமானம் போன்றவற்றைச் சொல்லும். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அவர்களுள் தமிழர் யார், சிங்களவர் யார் என்றும் பிரிக்காது. ஆகவே அமெரிக்கத் தமிழர் இப்படி வாக்களித்தார்கள் என்று பியூவை மேற்கோள் காட்டி யாராவது எழுதினால், அது அவருடைய கற்பனை.

இலங்கை பற்றிய கணிப்புகளும் இதே தளத்தில் உள்ளன என்பதை இங்கே பலர் அறிவதில்லை. 2023 செப்ரெம்பரில் வெளிவந்த, இலங்கை உட்படத் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஆறு நாடுகளில் 13,122 பேரிடம் எடுத்த ஆய்வு, பௌத்தர்களும் முஸ்லிம்களும் சமயத்தையும் தேசிய அடையாளத்தையும் எவ்வாறு இணைக்கிறார்கள் என்று ஆராய்கிறது. உண்மையான இலங்கையராக இருக்கப் பௌத்தராக இருப்பது முக்கியம் என்று இந்நாட்டுப் பௌத்தரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூறியுள்ளனர். இதனைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் பலர். மூல அட்டவணையைத் திறந்து பார்த்தவர் சிலர்.

தளத்தில் விளையாட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கும் ஒன்று அரசியல் வகைப்பாட்டு வினாவிடை. 2021இல் நிலையம் அமெரிக்கரை ஒன்பது வகையினராகப் பிரித்தது: சமயத்தையும் தேசியக் கொடியையும் முன்னிறுத்தும் பழைமைவாதிகள் 10 சதவீதம், வாழ்க்கைச் சுமையால் அரசியலில் இருந்து ஒதுங்கி நிற்போர் 15 சதவீதம் என்றவாறு அது செல்கிறது. வினாக்களுக்குப் பதிலளித்தால் நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை நிரப்புபவருக்கு ஒரு சங்கடம் நேரும். அரச மருத்துவமனையும் இலவசக் கல்வியும் வேண்டும் என்பதில் இங்குள்ள கோயில் அறங்காவலருக்கும் இடதுசாரித் தொழிற்சங்கத்தவருக்கும் வேறுபாடில்லை. அந்த ஒரு பதிலே இருவரையும் அமெரிக்க அளவுகோலில் இடப்பக்கம் தள்ளிவிடும். சமயம், குடும்பம் பற்றிய கேள்விகள் திரும்ப வலப்பக்கம் இழுக்கும். வகுப்பறையில் செய்து பார்க்க உகந்தது. முடிவை நம்புவதற்கு உகந்ததல்ல.

குறைகளில் இன்னும் இரண்டு. தேர்தல் முடிவு மாநிலம் மாநிலமாகத் தீர்மானிக்கப்படும் நாட்டில், பியூவின் பெரும்பாலான கணிப்புகள் தேசிய அளவோடு நின்றுவிடுகின்றன. பென்சில்வேனியாவிலோ மிச்சிகனிலோ யார் முன்னணியில் என்று தேடுபவர் வேறிடம் செல்ல வேண்டும். மற்றது, எக்கட்சியையும் சாராதோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களை, எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று மேலும் ஒரு கேள்வி கேட்டு, இரண்டு கட்சிகளுக்குள்ளும் சேர்த்துவிடும் வழக்கம். 2024இல் பதிவுசெய்த வாக்காளர் 49க்கு 48 என்று ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருந்தனர் என்ற எண் அவ்வாறு சேர்த்த பின்னர் கிடைத்ததே. வாக்களிப்பை விளக்க இது உதவும். கட்சிகள் இரண்டின் மீதும் வெறுப்புற்றவர்கள் எத்தனை பேர் என்பது அதனுள் மறைந்துவிடும்.

மாற்றுவழிகளும் உண்டு. 1935இல் தொடங்கிய காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் வரலாற்றுத் தொடர்கள் நீளமானவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேர்கொண்ட தேசியத் தேர்தல் ஆய்வுகள் 1948 முதலும், சிக்காகோவின் பொதுச் சமூக ஆய்வு 1972 முதலும் கிடைக்கின்றன. இவை ஆய்வாளருக்குரியவை, பொது வாசகர் முதல் நாளிலேயே களைத்துப் போவார். பியூவின் நடையோ எளிய ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உயர்தர மாணவர் ஒருவர் வாசித்துவிடலாம்.

ஆய்வுக்காக மூலத்தரவை இறக்க விரும்புவோர் இலவசக் கணக்கொன்றைத் திறக்க வேண்டும், கட்டணம் இல்லை. கோப்புகள் பெரும்பாலும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளின் வடிவில் உள்ளன, அந்த மென்பொருளின் விலை மாணவருக்கு எட்டாது என்பதால், இலவசமாகக் கிடைக்கும் பி.எஸ்.பி.பி. அல்லது ஆர் மென்பொருளில் திறந்துகொள்ளலாம். திறந்தவுடன் நிறை (weight) என்று குறிக்கப்பட்ட நிரலைத் தேடி, கணிப்புக்கு அதனைப் பொருத்திய பின்னரே அட்டவணை போட வேண்டும். குழுவில் மூத்தோரும் பட்டதாரிகளும் அவர்களின் உண்மைப் பங்கைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதைச் சரிசெய்வது அந்த நிரலே. நிறையைப் பொருத்தாமல் எடுத்த உங்கள் எண்ணும் அறிக்கையில் அச்சான எண்ணும் ஒத்துவரவில்லை என்றால், பியூவுக்குக் கடிதம் எழுதுமுன் அந்த நிரலை ஒருமுறை பாருங்கள்.